மெக்ரெகர்: சட்டம் அழிக்க முயன்ற ஒரு குடும்பப் பெயர்
வாசகர் கேள்வி – பதில்

ஸ்காட்லாந்து நாட்டுக் குடும்பப் பெயர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள், மெக்ரெகர் என்ற பெயரைச் சுற்றி எழுந்தவற்றை மட்டும் இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பெயரின் பொருளைக் கேட்டுத் தொடங்கும் கேள்வி, நிலவுரிமை, அரசாணை, ஊர்ப் பதிவேடுகள் என்று விரிந்துகொண்டே செல்வதால், விடைகளும் சற்று நீண்டுவிட்டன.

கேள்வி: மெக்ரெகர் என்னும் குடும்பப் பெயருக்கு என்ன பொருள்? அது எந்தக் காலத்திலிருந்து வழங்கி வருகிறது?

பதில்: ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்கள் பேசிய கேலிக் மொழியில் ‘மாக்’ என்றால் மகன். அதனுடன் கிரெகர் என்ற ஆண்பெயர் சேர்ந்து, கிரெகரின் மகன் என்ற பொருளில் மெக்ரெகர் ஆனது. கிரெகர் என்பது கேலிக் மொழியில் பிறந்த பெயர் அன்று. விழித்திருப்பவன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து தோன்றி, கிரெகரி என்ற பெயரைத் தாங்கிய போப்பாண்டவர்களின் புகழால் ஐரோப்பாவெங்கும் பரவி, திருச்சபையின் வழியாக மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்த பெயர் அது.

நம்மவர் பெயருக்கு முன் வரும் தந்தையின் முன்னெழுத்து தலைமுறைதோறும் மாறுவதைப் போலவே, மலைநாட்டிலும் ‘இன்னாரின் மகன்’ என்ற அடையாளம் தொடக்கத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது. ஒரு குறிப்பிட்ட முன்னோரின் பெயர் பேரர்களிடமும் கொள்ளுப்பேரர்களிடமும் மாறாமல் நிலைத்து நிற்கத் தொடங்கிய இடத்தில்தான் குடும்பப் பெயர் பிறக்கிறது. மெக்ரெகர்களைப் பொறுத்தவரை அந்த முன்னோர், 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவரும் ‘பொற்கடிவாளத்துக் கிரெகர்’ என்று குல மரபில் போற்றப்படுபவருமான ஒரு தலைவர். அவருடைய மகன் இயன், ஒரு கண் பார்வை இல்லாதவர் என்பதால் ‘இயன் காம்’ என்று அழைக்கப்பட்டார். அவர் 1390இல் இறந்த செய்தியைப் பழைய குறிப்பேடு ஒன்று, ‘கிளெனார்க்கியைச் சேர்ந்த, கிரெகரின் மகன் ஜான்’ என்று பதிவு செய்திருக்கிறது. குடும்பப் பெயரின் வரலாற்றை எழுதுவோர் உறுதியாகக் கால் ஊன்றி நிற்கக்கூடிய முதல் இடம் இதுவே.

கேள்வி: மெக்ரெகர்கள் ஸ்காட்லாந்தின் பண்டைய அரசர் ஒருவரின் வழித்தோன்றல்கள் என்று படித்தேன். இது வரலாற்று உண்மையா?

பதில்: ‘என் குலம் அரச குலம்’ என்பது மெக்ரெகர்களின் குலமொழி. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பின் என்ற அரசரின் மகன்களுள் ஒருவராகிய கிரெகரிடமிருந்தே தங்கள் குலம் தோன்றியது என்று அவர்கள் தலைமுறைகளாக நம்பி வந்திருக்கிறார்கள். அதே நூற்றாண்டின் இறுதியில் கிரிக் என்ற அரசர் ஆண்டதற்குச் சான்று உண்டு. பிற்காலத்து வரலாற்றாசிரியர்கள் அவரை ‘மாபெரும் கிரெகரி’ என்று பெயர் மாற்றிப் புகழ்ந்து எழுதியதால், அவரையும் இந்தக் குலத்தின் முன்னோராகக் கொள்வோர் உண்டு. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் உள்ள ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளை ஆவணங்களைக் கொண்டு இணைக்க முடிவதில்லை. எனவே அரச வழி என்பதைக் குல மரபாக மதிக்கலாமே அன்றி, வரலாறாக ஏற்பதற்கில்லை.

ஆயினும் அந்த நம்பிக்கையை வெறும் பெருமையாகக் கருதி ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. ‘ஆ’ (Awe) என்னும் ஏரிக்குக் கிழக்கே உள்ள கிளெனார்க்கி, கிளென்ஸ்ட்ரே முதலிய பள்ளத்தாக்குகள் மெக்ரெகர்களின் பூர்விக நிலம். அந்த ஏரியைச் சுற்றியிருந்த நிலங்களின் மேலுரிமை, 14ஆம் நூற்றாண்டில் அரச சாசனங்களின் வழியாகவும் திருமண உறவுகளின் வழியாகவும் கேம்பெல் குலத்தாரின் கைக்குச் சென்றது. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிளெனார்க்கியின் கேம்பெல் தலைவர் ஆ ஏரியின் ஒரு முனையில் கில்கெர்ன் கோட்டையை எழுப்பினார். அந்தக் கோட்டையின் இடிபாடுகளை இன்றும் காணலாம். பாட்டனார் ஆண்ட மண்ணில், முத்திரையிட்ட பத்திரம் ஒன்று கையில் இல்லாத காரணத்தால் குத்தகைக் குடிகளாக மாறியவர்களுக்கு, பத்திரத்தைவிடப் பழைய உரிமை தங்களுக்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள அந்த அரச வழிக் கதை ஒன்றே மிஞ்சியிருந்தது.

அவர்கள் போர்க்குணம் மட்டுமே கொண்ட கூட்டத்தார் என்ற எண்ணமும் சரியன்று. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஃபார்ட்டிங்கல் என்ற ஊரில் வாழ்ந்த ஜேம்ஸ் மெக்ரெகர் என்ற திருச்சபை அலுவலரும் அவருடைய சகோதரர் டங்கனும், அக்காலத்தில் வாய்மொழியாக வழங்கிய கேலிக் கவிதைகளைத் தேடிச் சேர்த்து எழுதி வைத்தார்கள். எடின்பரோவில் உள்ள தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படும் அந்தக் கையெழுத்துப் படி இல்லாவிட்டால், ஸ்காட்லாந்தின் இடைக்காலக் கேலிக் கவிதைகளில் பெரும்பகுதி நமக்குக் கிடைக்காமலே போயிருக்கும்.

கேள்வி: மெக்ரெகர் என்ற பெயரை வைத்துக்கொள்வதே குற்றம் என்று ஓர் அரசு சட்டம் போட்டதாகச் சொல்கிறார்கள். ஒரு மனிதனின் பெயரை எப்படித் தடை செய்ய முடியும்? அதற்குக் காரணம் என்ன?

பதில்: அந்தச் சட்டம் இருந்தது உண்மை. ஒருமுறை அல்ல, இரண்டு முறை அந்தப் பெயர் தடை செய்யப்பட்டது.

காரணத்தை நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். குத்தகை நிலங்களிலிருந்தும் படிப்படியாக வெளியேற்றப்பட்ட மெக்ரெகர்கள் அண்டை நிலங்களில் கால்நடைகளைக் கவர்வதில் இறங்கினார்கள். அதைக் காரணம் காட்டி அவர்கள் மேலும் விரட்டப்பட்டார்கள். 1570 ஏப்ரலில், கிளென்ஸ்ட்ரேயின் தலைவரான கிரெகர் மெக்ரெகரைக் கிளெனார்க்கியின் கேம்பெல் தலைவர் தலை துண்டித்துக் கொன்றார். கொல்லப்பட்டவரின் மனைவியும் கேம்பெல் குலத்துப் பெண்தான். பிறந்த வீட்டாரே தன் கணவனைக் கொன்ற துயரத்தை, மடியில் கிடந்த குழந்தைக்குத் தாலாட்டாக அவர் பாடியதாகக் கருதப்படும் ஒப்பாரி, இன்றும் கேலிக் மொழி பேசுவோர் பாடிவரும் பாடல்களுள் ஒன்று. இரு குலங்களுக்கு இடையிலான பகையைப் பற்றிப் பேசும்போது, அவ்விரு குலங்களும் தலைமுறைகளாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

1589இல், ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் வனக் காவலராக இருந்த டிரம்மண்ட் என்பவர், மன்னருக்கும் டென்மார்க் இளவரசி ஆனுக்கும் நடந்த திருமணத்தையொட்டிய விருந்துக்கு மான் இறைச்சி சேகரிக்கச் சென்ற இடத்தில் கொல்லப்பட்டார். அவருடைய தலையின் மீது கை வைத்து, பால்விடர் தேவாலயத்தில் மெக்ரெகர்கள் கூடி நின்று, இச்செயலுக்கு நாங்கள் அனைவரும் பொறுப்பு என்று உறுதி ஏற்றார்கள் என்பது அரசின் காதுக்கு எட்டிய செய்தி. தனி மனிதர்களின் குற்றம் ஒரு பெயரின் குற்றமாக மாறத் தொடங்கியது இந்தக் காலத்திலிருந்துதான்.

முடிவாக அமைந்தது ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் நடந்த மோதல். லோமண்ட் ஏரிக்கு மேற்கே உள்ள அந்தப் பள்ளத்தாக்கில், 1603 பிப்ரவரியில், அலஸ்டர் மெக்ரெகரின் தலைமையில் வந்தவர்கள் கஹூன் குலத்தாரை முறியடித்து, ஏராளமானோரைக் கொன்று, அவர்களுடைய மந்தைகளை ஓட்டிச் சென்றார்கள். அடுத்த மாதம் இங்கிலாந்தின் எலிசபெத் அரசியார் காலமானார். அவருடைய வாரிசாக அரியணை ஏற ஜேம்ஸ் மன்னர் லண்டனுக்குப் புறப்பட்ட நாள் 1603 ஏப்ரல் 5. அதற்கு இரண்டு நாள் முன்னதாக, ஏப்ரல் 3 அன்று, மெக்ரெகர் என்ற பெயரே இனி இருத்தலாகாது என்று மன்னரின் ஆலோசனை மன்றமாகிய பிரிவி கவுன்சில் ஆணை பிறப்பித்தது. அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் வேறு குடும்பப் பெயரை ஏற்க வேண்டும். மறுத்தால் மரண தண்டனை.

குலத் தலைவர் அலஸ்டருக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவரைப் பத்திரமாக இங்கிலாந்துக்கு அனுப்பி வைப்பதாக, கேம்பெல் குலத்தின் தலைவரான ஆர்கைல் பிரபு வாக்களித்ததை நம்பி அவர் சரணடைந்தார். பிரபு வாக்கை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார்: அலஸ்டரை எல்லையைக் கடந்து பெரிக் நகருக்குக் கூட்டிச் சென்று, இங்கிலாந்து மண்ணை மிதிக்க வைத்து, உடனே எடின்பரோவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 1604 ஜனவரி 20 அன்று, நகரச் சந்தைச் சிலுவையருகே, தம் குலத்தார் பலருடன் அவரும் தூக்கிலிடப்பட்டார். தலைவர் என்பதால் மற்றவர்களைவிட ஓர் ஆள் உயரம் மேலே அவருடைய கயிறு கட்டப்பட்டது.

பெயரை எப்படித் தடை செய்ய முடியும் என்ற தங்கள் கேள்விக்கு, அடுத்து வந்த ஆணைகளே விடை தருகின்றன. முன்பு மெக்ரெகர் என்று அழைக்கப்பட்டவர்கள் நான்கு பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது. இறைச்சி வெட்டுவதற்கான முனை மழுங்கிய கத்தி ஒன்றைத் தவிர வேறு ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. 1611இல், தலைமறைவானவர்களின் மனைவியரைப் பிடித்து முகத்தில் சாவி வடிவில் சூடு போட வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. பெற்றோரை இழந்த பிள்ளைகள் வளர்ந்து மீண்டும் பழைய பெயரை எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சம் எழவே, 1617இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தடையைச் சட்டமாக உறுதி செய்தது. 1633இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. எந்தப் போதகரும் ஓர் ஆண் குழந்தைக்கு அந்தப் பெயரில் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. எந்த எழுத்தரும் பத்திரம் எழுதுபவரும் அந்தப் பெயரில் ஓர் ஆவணமும் எழுதக் கூடாது. மீறினால் பதவி பறிபோகும். ஞானஸ்நானப் பதிவும் குத்தகைப் பத்திரமும் கடன் சீட்டும் மறுக்கப்பட்டவன் சட்டத்தின் பார்வையில் பிறக்கவே இல்லை. வாளால் முடியாததை எழுதுகோலைப் பிடுங்கிச் சாதிக்க முயன்ற இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம், தூக்குமேடைச் செய்தியைவிட இதுவே எனக்குக் கொடுமையாகத் தோன்றுகிறது.

மன்னருக்கும் அவரை எதிர்த்தவர்களுக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போரில், மான்ட்ரோஸ் பிரபுவின் தலைமையில் மன்னர் தரப்புக்காக மெக்ரெகர்கள் போரிட்டதை மதித்து, 1661இல் இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஆட்சியில் தடை நீக்கப்பட்டது. மூன்றாம் வில்லியம் மன்னரின் காலத்தில், 1693இல், அது மீண்டும் உயிர்பெற்றது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1774–75ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரில் நிறைவேற்றிய சட்டத்தால்தான் முடிவாக நீங்கியது. இடையில் வந்த முப்பத்திரண்டு ஆண்டு விடுதலையைக் கழித்தாலும், ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஒரு குடும்பப் பெயர் சட்டவிரோதமாக இருந்திருக்கிறது.

கேள்வி: ராப் ராய் என்னும் புகழ்பெற்ற வீரரின் பெயர் ஓரிடத்தில் மெக்ரெகர் என்றும் இன்னோரிடத்தில் கேம்பெல் என்றும் வருகிறதே, இவற்றுள் எது அவருடைய உண்மையான பெயர்?

பதில்: இரண்டும் அவருடையவை. கேட்ரின் ஏரியின் தலைப்பகுதியில் உள்ள கிளென்கைல் என்னும் இடத்தில் பிறந்த அவருக்கு 1671 மார்ச் மாதத்தில் ஞானஸ்நானம் நடந்தது. முதல் தடை நீங்கியிருந்த காலம் அது என்பதால் மெக்ரெகர் என்ற பெயருக்கு அப்போது இடையூறு இல்லை. ‘ராய்’ என்பது செந்நிறத் தலைமுடியைக் குறிக்கும் அடைமொழி. ஒரே குடும்பப் பெயரைப் பலர் தாங்கிய பள்ளத்தாக்குகளில் இத்தகைய அடைமொழிகளே ஆளை அடையாளம் காட்டின. 1693இல் தடை திரும்பி வந்தபோது அவர் தம் தாயாரின் குலப் பெயராகிய கேம்பெல்லை எடுத்துக்கொண்டார். ஆவணங்களில் அந்தப் பெயரிலேயே கையொப்பமிட்டார்.

அவர் கொள்ளைக்காரராக வாழ்க்கையைத் தொடங்கியவர் அல்லர்; மாடு வாங்கி விற்கும் வணிகர். மான்ட்ரோஸ் கோமகன் முதலிய செல்வந்தர்கள் மாடு வாங்குவதற்காக முன்பணம் தருமளவுக்கு அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அந்தப் பணம் அவர் கையை விட்டுப் போன பிறகு, 1712இல் எடின்பரோ செய்தித்தாளில் வெளிவந்த விளம்பரம், ஏறத்தாழ 1,000 பவுண்டுடன் தலைமறைவானவரைப் பிடித்துத் தர வேண்டும் என்று கேட்டது. அதில் அவரைக் குறிப்பிட்டிருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும்: ‘ராப் ராய் மெக்ரெகர் என்று பொதுவாக அறியப்படும் ராபர்ட் கேம்பெல்’. சட்டப்படியான பெயரை மட்டும் அச்சிட்டால் எவருக்கும் ஆளைத் தெரியாது. எனவே ஆளைப் பிடிப்பதற்கு, எழுதக் கூடாதென்று சட்டம் சொன்ன பெயரையே அச்சிட வேண்டியதாயிற்று. தடையால் அந்தப் பெயர் மக்கள் நாவிலிருந்து மறையவில்லை என்பதற்கு இந்த ஒரு வரியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

அவர் 1734 டிசம்பரில் இறந்து, பால்விடர் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மகன் ஜேம்ஸ், கேம்பெல் என்றும் இல்லாமல், டிரம்மண்ட் என்ற வேறொரு பெயரை ஏற்றிருந்தார். 1752இல் அவர் எடின்பரோ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, ‘ஜேம்ஸ் மெக்ரெகர் என்கிற டிரம்மண்ட்’ என்றே வழக்கு ஏட்டில் எழுதப்பட்டார். தந்தை கேம்பெல், மகன் டிரம்மண்ட், பேச்சில் இருவரும் மெக்ரெகர் என்ற இந்த நிலை அக்காலத்தில் அரிதானது அன்று.

கேள்வி: பெயரின் முன்பகுதியைச் சிலர் ‘மாக்’ என்று முழுமையாகவும் சிலர் சுருக்கியும் எழுதுகிறார்கள். முழுமையாக எழுதினால் ஸ்காட்லாந்துக்காரர், சுருக்கி எழுதினால் அயர்லாந்துக்காரர் என்பது சரியா?

பதில்: சரியன்று. இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு எழுத்துவடிவங்களே. பழைய எழுத்தர்கள் கைவேகத்தில் சுருக்கி எழுதினார்கள், அவ்வளவுதான். ஒரே மனிதரின் பெயர் ஒரே பதிவேட்டில் இரு விதமாகவும் காணப்படுவது உண்டு. எழுத்துக்கூட்டலை வைத்து நாட்டையோ குலத்தையோ முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: மகன் என்று பொருள்படும் பெயரைப் பெண்கள் எப்படித் தாங்கினார்கள்? திருமணத்துக்குப் பிறகு அவர்களுடைய பெயர் மாறியதா?

பதில்: கேலிக் மொழியில் பெண்ணுக்கு ‘மாக்’ வராது, ‘நிக்’ வரும். மெக்ரெகர் குலத்துப் பெண்ணை ‘நிக் கிரெகர்’ என்பார்கள். ஆங்கிலத்திலும் ஸ்காட்ஸ் மொழியிலும் எழுதப்பட்ட ஆவணங்களில் இந்த வேறுபாடு மறைந்து, ஆண்வடிவமே இருபாலார்க்கும் பொதுவாயிற்று. ஸ்காட்லாந்தில் மணமான பெண்கள் தம் பிறந்த வீட்டுப் பெயரைச் சட்டப்படி இழப்பதில்லை. பழைய உயில்களிலும் வழக்கு ஏடுகளிலும் கல்லறைக் கற்களிலும் அவர்கள் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்படுகிறார்கள். மெக்ரெகர் வழியைத் தேடுவோருக்கு இது பெரிய வரம். தடைக்காலத்தில் தாயாரின் பெயரை மகன் எடுத்துக்கொண்ட இடங்களில், அந்தப் புதிய பெயர் எங்கிருந்து வந்தது என்பதைத் தாயின் பதிவே சொல்லிவிடும்.

கேள்வி: தடை நீங்கிய பிறகு எல்லாரும் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்களா? பிளாக், ஒயிட், கிரிகரி, கிரீர்சன் போன்ற பெயர்களும் மெக்ரெகர்களுடையவை என்று ஒரு பட்டியலில் பார்த்தேன்.

பதில்: எல்லாரும் திரும்பவில்லை. தடை நீங்கியபோது, மாற்றுப் பெயரில் பிறந்து அந்தப் பெயரிலேயே இறந்தவர்கள் பல தலைமுறையினர் இருந்தார்கள். குத்தகைச் சீட்டு, படைப்பணி, வணிகக் கணக்கு என எல்லாம் அந்தப் பெயரில் நடந்துகொண்டிருந்தபோது, பாட்டனாரின் பெயருக்குத் திரும்புவதால் உண்டாகும் இடையூறுகளை ஏற்க எல்லாராலும் முடியவில்லை. குலத் தலைவரின் வழியினரே மரி என்ற பெயரில்தான் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்து திரும்பிய ஜான் மரி என்பவரைத் தங்கள் தலைவராக ஏற்பதாகக் குலத்தார் 826 பேர் ஒரு பத்திரத்தில் கையொப்பமிட்டார்கள். அவருக்கு 1795இல் பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டம் கிடைத்தது. மெக்ரெகர் என்ற பெயரை அக்குடும்பம் அரச அனுமதியுடன் முறைப்படி திரும்பப் பெற்றது 1822இல். அதே ஆண்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, ஸ்காட்லாந்தின் மணிமுடியும் செங்கோலும் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட, அவற்றுக்குக் காவலாக நடந்தவர்களுள் சர் இவான் மெக்ரெகரும் அவருடைய குலத்தாரும் இருந்தார்கள். எந்த அரசமரபு அவர்களுடைய பெயரை அழிக்க ஆணையிட்டதோ, அதன் மணிமுடிக்கே அந்தப் பெயரோடு காவல் நின்றார்கள்.

தாங்கள் பார்த்த பட்டியலைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கேம்பெல், டிரம்மண்ட், மரி, கிரகாம், ஸ்டூவர்ட், கிரான்ட், பிளாக், ஒயிட் ஆகியவை மெக்ரெகர்கள் ஏற்ற மாற்றுப் பெயர்கள் என்பது உண்மை. ஆனால் இந்தப் பெயர்களைத் தாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்ரெகர்கள் அல்லர். நிறத்தைக் குறிக்கும் பிளாக், ஒயிட் போன்ற பெயர்கள் எந்தக் குலத்தொடர்பும் இல்லாமல் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியே தோன்றியவை. கிரீர்சன், கிரேக் ஆகியவை கிரெகர் என்ற அதே ஆண்பெயரிலிருந்து பிறந்தவை. அதனாலேயே ஒரே குடும்பம் ஆகிவிடாது. தென்மேற்கு ஸ்காட்லாந்தின் கிரீர்சன் குடும்பத்தைக் குலத்தலைவரின் மகன் ஒருவரோடு இணைக்கும் பழங்கதைக்கு ஏற்கத்தக்க ஆவணம் இல்லை. தொலைநோக்கியின் ஒரு வகையை வடிவமைத்த 17ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஜேம்ஸ் கிரெகரியின் குடும்பத்தார், தங்களை மெக்ரெகர் வழியினர் என்றே கருதினார்கள். நார்வே நாட்டு இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் கொள்ளுப்பாட்டனார், அபர்டீன்ஷயரிலிருந்து பெர்கன் நகரில் குடியேறிய கிரேக் குடும்பத்தவர். கிரெகர் என்ற பெயரின் ஒரு கிளை அவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பது மட்டும் அதிலிருந்து உறுதி.

கேள்வி: ஒருவருடைய குடும்பப் பெயர் மெக்ரெகர் என்றால், அவர் அந்தக் குலத்தின் இரத்த வழியினர் என்று கொள்ளலாமா? ஸ்காட்லாந்துக் குடும்பங்களின் வேரைத் தேடுவோர் எங்கிருந்து தொடங்குகிறார்கள்?

பதில்: முதல் பகுதிக்கு விடை, கொள்ள முடியாது என்பதே. மலைநாட்டில் ஒரு தலைவரின் பாதுகாப்பில் வாழ்ந்த குடிகள் அவருடைய குலப் பெயரை ஏற்பது வழக்கமாக இருந்தது. ஆகவே மெக்ரெகர் என்ற பெயரைத் தாங்கியவர்களில் இரத்தத் தொடர்பு இல்லாதவர்களும் உண்டு. வேறு பெயரைத் தாங்கியவர்களில் இரத்தத் தொடர்பு உள்ளவர்களும் உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் மரபணுக் கூற்றை ஒப்பிடும் சோதனைகள் இதைத்தான் காட்டி வருகின்றன.

பெயரின் ஒலியை மட்டும் நம்பி மொத்தக் குடும்பமே வழி மாறிச் சென்றதற்கு அமெரிக்காவின் மக்ரூடர்கள் நல்ல எடுத்துக்காட்டு. அதே உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1651ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் நடந்த போரில் சிறைபிடிக்கப்பட்டு மேரிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்ட அலெக்சாண்டர் மக்ரூடர் என்பவரின் வழியினர், மக்ரூடர் என்பது மெக்ரெகரின் திரிபு என்று உளமார நம்பி, 1909இல் அமெரிக்காவில் கிரெகர் குலச் சங்கம் ஒன்றையே நிறுவினார்கள். ஆனால் அந்தப் பெயர், மது வடிப்பவரின் மகன் என்று பொருள்படும் வேறொரு கேலிக் பெயர் என்பதே பெயராய்வாளர்கள் தரும் விளக்கம். அது பெர்த்ஷயர் பகுதியில் தனியே வழங்கி வந்தது. சங்கத்தின் பணியால் பல பதிவுகள் திரட்டப்பட்டு அச்சேறின என்பதால் அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. இருந்தும் அவர்கள் தேடிய வேர் அங்கே இல்லை.

வேரைத் தேடுவோர் இன்றிலிருந்து பின்னோக்கியே செல்ல வேண்டும்; குலத்தலைவரிடமிருந்து முன்னோக்கி வரக் கூடாது. ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு கட்டாயமாகப் பதிவு செய்யத் தொடங்கிய நாள் 1855 ஜனவரி 1. அந்த முதல் ஆண்டில் மட்டும் படிவங்களில் மிக விரிவான விவரங்கள் கேட்கப்பட்டன. பதிவாளர்களுக்குச் சுமை தாங்காததால் அடுத்த ஆண்டே படிவம் சுருக்கப்பட்டது. ஆகையால் 1855இல் நிகழ்ந்த ஒரு பிறப்போ இறப்போ தங்கள் குடும்பத்தில் இருந்தால், அது புதையல். ஸ்காட்லாந்தின் இறப்புப் பதிவுகளில் இறந்தவருடைய தந்தையின் பெயரும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இடம்பெறுவதால், ஒரு பதிவைக் கொண்டே முந்தைய தலைமுறைக்கு ஏறிவிடலாம்.

1855க்கு முற்பட்ட காலத்துக்கு ஊர்த் தேவாலயப் பதிவேடுகளே துணை. தாழ்நிலத்து ஊர்கள் சிலவற்றில் அவை 16ஆம் நூற்றாண்டிலேயே தொடங்குகின்றன. மலைநாட்டு ஊர்கள் பலவற்றில் 18ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. இவையெல்லாம் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ என்னும் அதன் இணையதளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். மெக்ரெகர் வழியைத் தேடுவோர் அங்கே மெக்ரெகர் என்று மட்டும் தேடினால் 1775க்கு முற்பட்ட பதிவுகளில் பெரும்பகுதியைத் தவறவிடுவார்கள். குடும்பம் வாழ்ந்த ஊரை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்த ஊர்ப் பதிவேட்டின் பக்கங்களை வரி வரியாகப் பார்த்து, ‘என்கிற’ என்ற சொல்லால் இணைக்கப்பட்ட இரட்டைப் பெயர்களையும், ஒரே பெற்றோரின் பிள்ளைகள் வெவ்வேறு குடும்பப் பெயர்களில் பதிவாகியிருக்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைக் குத்தகைப் பட்டியல்களோடும் உயில்களோடும் ஒப்பிட்டு, ஒரே பண்ணையில் அடுத்தடுத்த ஆண்டுகளில் வாழ்ந்தவர் ஒரே ஆள்தானா என்று பாருங்கள். மரபணுச் சோதனையை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.